பின்னணியில் பாங்கு

நிமிடத்துக்கு எழுபது ரூபாய்.
நீதிமன்ற வீதியில், போட்டோக்கொப்பிக் கடைக்கு மேலே
ஒரு கதிரை, ஒரு கணினி,
காதை இறுக்கும் பழைய ஹெட்போன்.
சட்டத்தரணி மிஸ் பென்ட்ரைவைத் தந்துவிட்டுச் சொன்னா:
"கேக்கிறதை மட்டும் அடியுங்கோ.
ஒண்டும் திருத்த வேண்டாம்."

திருத்த மாட்டேன்.
பதினொரு வருஷமாய்க் கேட்கிறேன்
ஆட்கள் எப்படியெல்லாம் 'தெரியாது' என்கிறார்கள் என்று.
தொண்டையால் சொல்லும் தெரியாது ஒன்று.
மேசையைப் பார்த்துச் சொல்வது இன்னொன்று.
தாளில் இரண்டுக்கும் ஒரே எழுத்து.

பதினொன்று ஐம்பத்திரண்டு. பதிவு தொடங்குகிறது.
உப பரிசோதகர் விஜேநாயக்க நல்ல தமிழ் பேசுகிறார்,
மட்டக்களப்பில் இருந்திருப்பார், "மறுகா" என்கிறார்.
திகதி சொல்கிறார். நேரம் சொல்கிறார்.
அறையில் இருப்பவர்களை ஒவ்வொருவராய்ச் சொல்ல வைக்கிறார்.
"நீர் பேசாமலும் இருக்கலாம், விளங்குதா?"
சட்டத்தரணி வேணுமா என்றும் கேட்கிறார்.
எனக்கே மரியாதை வந்தது.

சந்தேகநபர் உவைஸ் முகம்மது றிப்கான்,
இருபத்திரண்டு, கிண்ணியா, இடிமன்.
நிலாவெளிக் கரையில் காணாமற்போன
நாற்பது குதிரைவலு இஞ்சின் பற்றிக் கேள்வி.
"தெரியா சேர்.
அண்டைக்கு நான் மூதூர்ல, மாமிட மகள்ட கலியாணம்."
என்ன கறி என்று கேட்கிறார் பரிசோதகர்.
"மாட்டிறைச்சி சேர். உப்புக் கூடிப் போச்சு."
[சிரிப்பு] என்று அடித்தேன்.
இரண்டு பேருடையது.

பன்னிரண்டு பதினாறில் பாங்கு.
தூரத்துப் பள்ளி. அழைப்பவர்
நடுவில் ஒருமுறை இருமுகிறார்.
றிப்கான் வாய்க்குள் பதில் சொல்கிறான்,
ஒலியைக் கூட்டினால்தான் கேட்கும்.
பரிசோதகர் காத்திருக்கிறார்.
பிறகு, "அஞ்சு நிமிஷ இடைவேளை. நேரம் பன்னிரண்டு இருபது."
சொடக்.

சொடக்.
"நேரம் பன்னிரண்டு இருபத்தைஞ்சு. அதே ஆட்கள். தொடர்கிறம்."
மின்விசிறியில் அதே கிறீச்.
"இஞ்சினை எடுத்தது நீர்தானே?"
[மௌனம், 9 வினாடி]
"ஓம்."
"ஆரும் வற்புறுத்தினதா?"
"இல்ல."
"தண்ணி தந்தமா?"
"ஓம்."
அடித்துக்கொண்டே போனேன்.
ஓம் அடிப்பது சுலபம், இரண்டே எழுத்து.

அப்போது
பாங்கு.
அதே குரல், அதே இருமல்.
நீட்டி, முழுதாய்.
இம்முறை றிப்கானின் வாய்க்குள் ஒன்றுமில்லை.
கூட்டினேன். இன்னும் கூட்டினேன்.
மின்விசிறியும் மூச்சும்தான்.

கீழே இறங்கினேன்.
கோட்டையிலிருந்து வந்த மான் ஒன்று கடை வாசலில்
கழிவுத் தாளைச் சப்பிக்கொண்டு நின்றது,
யாருடைய சத்தியக்கூற்றோ.
"ஜெஸீம் தம்பி, லுஹர் பாங்கு ரெண்டு தரம் சொல்லுவினமா?"
"இல்லையே அக்கா. அடுத்தது அஸர். மூண்டரை ஆகும்.
ஏன், உங்கட சுவரில மணிக்கூடு இருக்குத்தானே?"

இருக்கு.
அந்த அறையிலும் இருந்திருக்கும்.

மூன்று மணித்தியாலத்தில் என்ன நடந்தது?
எனக்குத் தெரியாது.
தொண்டையால்தான் சொல்கிறேன்.
யாரும் தொடாமலே இருந்திருக்கலாம்.
தங்கச்சி படிக்கும் பள்ளிக்கூடத்தின் பெயரை
ஒரு துண்டில் எழுதி
மேசையில் மெல்லத் தள்ளினாலும் போதும்.
தாள் நகரும் சத்தம் எந்தக் கருவிக்கும் கேட்காது,
அதுவும் அணைத்து வைத்த கருவிக்கு.

கேட்டதை மட்டும் அடித்தேன்.
12.16க்கு நேரே: [பின்னணியில் பாங்கு. குரலில் இருமல்.]
12.31க்கு நேரே: [பின்னணியில் பாங்கு. குரலில் இருமல்.]
கோடு போடவில்லை. தடித்த எழுத்தும் இல்லை.
மிஸ் கவனமாய் வாசிக்கிறவ.
நீதவானும் அப்படியாய் இருக்கட்டும்.

பிறகு பில் எழுதினேன்:
பதிவு நாற்பத்திநாலு நிமிடம்,
மூவாயிரத்து எண்பது ரூபாய்.
இடைவேளைக்குக் காசு போடவில்லை.